எந்தக் கல், எத்தனை கல்?

(முன்னாள் மாணவர் சங்க மறுகூடல் விழாவின் காலை அமர்வில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சங்கச் செயலாளர் போன் பண்ணி, "மாணவர்களுக்குப் பிரயோஜனமா அரை மணி நேரம் பேசுங்க, தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். "கத்தி தீட்டுறதைப் பத்திப் பேசுறேன்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இல்ல சார்... செயற்கை நுண்ணறிவு, அந்த மாதிரி ஏதாச்சும்..." என்று இழுத்தார். அதற்கு மதியம் இரண்டு பேர் வருகிறார்கள், நன்றாகப் பேசுவார்கள். நான் கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் டூல் ரூமில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறவன். சொந்த ஊர் இதோ பக்கத்தில், சிலமலை. இரும்பும் கல்லும்தான் எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்ததைப் பேசிவிட்டுப் போகிறேன்.

நம் ஊர்ப்பக்கம் விடியுமுன்னே ஜீப்புகள் கிளம்புவதை வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவர்கள்கூடப் பார்த்திருப்பீர்கள். போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலத்தோட்டங்களுக்குப் போகிற கூலி ஜனம். ஆண்கள் கையில் சாக்கில் சுற்றின வெட்டரிவாள் இருக்கும். ஏலச்செடிக்கு முழு வெயிலும் ஆகாது, முழு நிழலும் ஆகாது. அதனால் தென்மேற்கு மழைக்கு முன்னால், மே, ஜூன் மாதங்களில், தோட்டத்து நிழல் மரங்களில் கிளை கழிப்பார்கள். நிழல் கவாத்து என்பது இதுதான். ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வெட்டுகிற வேலை. இரண்டு வெட்டில் விழ வேண்டிய கிளைக்கு ஆறு வெட்டு ஆனால், உபரியாக விழுகிற அந்த நாலு வெட்டு யார் தோளில் இறங்குகிறது? மொண்ணை அரிவாள் கிளையில் பதியாமல் நழுவும். நழுவினால் எங்கே போய் நிற்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கிளையும் சுத்தமாக அறுபடாமல் பட்டையோடு உரிந்து தொங்கும். உரிந்த இடத்தில் மழைத் தண்ணீர் நின்று மரம் அழுக ஆரம்பிக்கும்.

அந்த அரிவாள்கள் இப்போது எப்படித் தீட்டப்படுகின்றன? பாதிப் பேர் வாய்க்கால் படிக்கல்லில் தேய்க்கிறார்கள். மீதிப் பேர் வெல்டிங் பட்டறையில் கொடுத்து, கையில் பிடிக்கிற கிரைண்டரில் 'சுர்ர்' என்று ஒரு இழுப்பு இழுத்து வாங்குகிறார்கள். இது ஒரு கோடி. இன்னொரு கோடியில் நம் மாணவத் தம்பிகள். விடுதியில் ஒரு தம்பி என்னிடம் 8000 நம்பர் ஜப்பான் கல் ஒன்றைக் காட்டினார். வீடியோ பார்த்து வாங்கியதாம். கைச்செலவை மிச்சம் பிடித்து வாங்கியிருக்கிறார், ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவரிடம் இருந்தது ஒரு மழுங்கின உளி. அந்த உளியை அந்தக் கல்லில் தேய்த்தால் கண்ணாடி மாதிரி பளபளக்கும், மரத்தை வெட்டாது. படிக்கல்லுக்கும் 8000க்கும் நடுவில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் இன்றைக்கு விஷயம்.

கல்லைப் பற்றிச் சொல்லும்போது ஒரு சங்கதியை விட்டுவிட மனசில்லை. இங்கிலீஷில் கொரண்டம் என்று சொல்கிற கனிமம், அதாவது அலுமினியம் ஆக்சைடின் படிகம், அந்தப் பெயரை நம்மிடமிருந்துதான் வாங்கியது. குருந்தம் என்ற தமிழ்ச் சொல்லே கொரண்டம் ஆயிற்று என்று ஆங்கில அகராதிகளே சொல்கின்றன. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கத்துப் பாறையில் இது இருக்கிறது. (சந்திரயானுக்காக நிலவு மண் மாதிரி தயாரிக்க இஸ்ரோ பாறை எடுத்ததும் அதே சித்தம்பூண்டிதான்.) நம் ஆட்கள் குருந்தக் கல்லைப் பொடித்து, அரக்கோடு உருக்கிச் சேர்த்து, வட்டமாக வார்த்து, ரத்தினம் பட்டை தீட்டவும் ஆயுதம் தீட்டவும் சக்கரம் செய்தார்கள். சாணைக்கல்லின் பழைய வடிவம் அது. 1798இல் சார்லஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர் இந்தக் கல்லைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு கட்டுரையே எழுதினார். பிறகு 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் மின்உலையில் வைரம் செய்யப் பார்த்து, வைரத்துக்குப் பதிலாக சிலிக்கன் கார்பைடைக் கண்டார். கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று நினைத்து அதற்கு கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். அதில் கொரண்டம் துளியும் கிடையாது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1954இல் கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனி சென்னையில் தொடங்கி, திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. இன்றைக்கு போடி கடைவீதியில் "கார்ப்ரண்டம் கல்லு ஒண்ணு குடுங்கண்ணே" என்று கேட்கிறோமே, நம்ம குருந்தம்தான் உலகம் சுற்றிவிட்டு வேறு சட்டை போட்டுக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறது.

சரி, ஏன் இந்தக் கற்கள்? இரும்பைவிடக் கடினமான பொருள்தான் இரும்பைத் தேய்க்கும். விக்கர்ஸ் அளவில் நன்றாகப் பதம் ஏற்றின கத்தி 700ஐ ஒட்டி நிற்கும். படிக்கல்லில் உள்ள வெள்ளைப் பரல், அதாவது குவார்ட்ஸ், 1100க்குப் பக்கம். குருந்தம் 2000, கார்போரண்டம் 2500ஐ ஒட்டி. அதனால் படிக்கல்லும் தீட்டத்தான் செய்யும். ஆனால் அதில் பரல் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிசு என்பது நம் கையில் இல்லை. ஒரு பரல் பெரிதாக இருந்தால் ஒரே இழுப்பில் வாய் பொக்கையாகிவிடும். இதைப் பனையேறிகள் எவ்வளவு அழகாகச் சமாளித்தார்கள் பாருங்கள். வெள்ளைக் கல்லை நைஸாகப் பொடித்து, மரப்பலகையில் தூவி, அதில் பாளை அரிவாளைத் தீட்டுவார்கள். பொடியின் பருமன் அவர்கள் கட்டுப்பாட்டில். டூல் ரூமில் நாங்கள் 'லாப்பிங்' என்று பெரிய பெயர் சொல்லிச் செய்கிற வேலையின் தத்துவம் அதுவேதான்.

பருமன் என்றதும் நம்பருக்கு வர வேண்டும். குழப்பம் எல்லாம் இங்கேதான். கல்லின் நம்பர் சல்லடையிலிருந்து வந்தது. ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண் என்பது கணக்கு. நம்பர் ஏற ஏறப் பொடி நைஸ். சுமார் 220க்கு மேல் சல்லடை உதவாது. பொடியைத் திரவத்தில் கலக்கி, எது எவ்வளவு சீக்கிரம் அடியில் படிகிறது என்று பார்த்துப் பிரிப்பார்கள். ஸ்டோக்ஸ் விதி என்று பரீட்சைக்குப் படித்தீர்களே, அது பிழைப்புக்கு வருகிற இடம் இது. இப்போது கவனியுங்கள். எமரித் தாளின் பின்னால் 'பி 1000' என்று இருந்தால் பரல் சுமார் 18 மைக்ரான். ஜப்பான் தரத்துக் கல்லில் 1000 என்றால் 12ஐ ஒட்டி. ஐரோப்பியத் தரத்தில் 'எஃப் 1000' என்றால் வெறும் 4.5. மூன்றிலும் போட்டிருப்பது ஆயிரம்தான். 'எஃப் 400' கல்லும் 'பி 1000' தாளும் கிட்டத்தட்ட ஒரே பருமன் என்றால் கடைக்காரர் நம்பவா போகிறார்? அதனால் நம்பரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், எந்தத் தரத்து நம்பர் என்று பாருங்கள். முடிந்தால் மைக்ரானில் நினைத்துப் பழகுங்கள். நம் தலைமுடி ஒன்று 50லிருந்து 100 மைக்ரான் கனம் இருக்கும். அது ஒரு நல்ல அளவுகோல், எப்போதும் கூடவே இருக்கும். (சில பேருக்கு இப்போது இல்லை என்பது இந்த அரங்கில் முன்வரிசையைப் பார்த்தால் தெரிகிறது. மன்னிக்கணும் சார்.)

இனி வரிசை. மெட்டலர்ஜி லேபில் மாதிரித் துண்டை எமரித் தாளில் தேய்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? 1/0, 2/0, 3/0, 4/0. ஒவ்வொரு தாள் மாற்றும்போதும் துண்டைத் தொண்ணூறு பாகை திருப்பச் சொல்வார்கள். எதற்கு? முந்தின தாள் போட்ட கீறல் குறுக்கே கிடக்கும். அது முழுசாக மறைந்தால்தான் இந்தத் தாளின் வேலை முடிந்தது. கத்தியிலும் அதே கதைதான். ஒரு கல்லில் வலப்பக்கம் சாய்த்துத் தேய்த்தால், அடுத்த கல்லில் இடப்பக்கம் சாய்த்துத் தேயுங்கள். பழைய கீறல் ஒன்று மிச்சம் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும். எண்ணிக்கை வைத்து "இருபது இழுப்பு, நாற்பது இழுப்பு" என்பதெல்லாம் உதவாது. கீறல் போச்சா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

ஒரு கல்லுக்கும் அடுத்ததற்கும் பரல் பருமனில் இரண்டு மடங்கிலிருந்து நாலு மடங்கு வரை வித்தியாசம் இருக்கலாம். என் கணக்கில் ஒரு வீட்டுக்கோ சிறு பட்டறைக்கோ வேண்டியது இவ்வளவுதான்: கார்போரண்டம் இரட்டைக் கல் ஒன்று. அதன் கரட்டுப் பக்கம் 100 மைக்ரானை ஒட்டியும் நைஸ் பக்கம் 50ஐ ஒட்டியும் இருக்கட்டும். பிறகு ஜப்பான் தரத்து 1000, அதாவது 12 மைக்ரான். தச்சு வேலையோ ஒட்டுக் கட்டுகிற வேலையோ செய்கிறவருக்கு மட்டும் 4000, அதாவது 3 மைக்ரான். அதற்கப்புறம் பலகையில் ஒட்டின தோல் பட்டை. கரட்டுக் கல்லிலிருந்து ஒரே தாவலாக 4000க்குப் போனால் ஆழமான கீறலைத் தேய்த்து எடுக்க ஒரு பொழுது ஆகும், கல்லும் குழி விழும். அதற்காக 200, 400, 600, 800, 1000 என்று படிக்குப் படி கல் வாங்கி அடுக்குவதும் வீண் செலவு. சில வீடுகளில் பூஜை அறை மாதிரி கல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கத்தி மட்டும் வெட்டாது.

ஏன் வெட்டாது? முதல் கல்லில் வேலை முடியாமலே அடுத்த கல்லுக்குப் போவதுதான் காரணம். கத்தியின் கூர் என்பது இரண்டு சரிவுகள் சந்திக்கிற கோடு. சந்திக்கவே இல்லையென்றால், சரிவை எவ்வளவு பளபளப்பாக்கினாலும் நுனி மொண்ணைதான். சந்தித்துவிட்டது என்பதற்கு அடையாளம் பிசிறு. ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே வந்தால் மறுபக்கத்தில், விரலைக் குறுக்கே மெல்லத் தடவிப் பார்த்தால், இழை மாதிரி தட்டும். பிடியிலிருந்து நுனி வரை அந்த இழை தொடர்ச்சியாக வந்தால்தான் மறுபக்கத்துக்குத் திருப்ப வேண்டும். அங்கேயும் வந்தால்தான் கல்லை மாற்ற வேண்டும். முக்கால்வாசி வேலை முதல் கல்லில். மற்ற கற்கள் எல்லாம் அந்தச் சரிவைச் சுத்தம் பண்ணுவதற்கும் பிசிறைச் சின்னதாக்குவதற்கும்தான். அதைக் கடைசியில் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் முதல் வெட்டு ஜோராக இருக்கும், நாலாவது வெட்டில் பிசிறு மடங்கி, "கல்லு சரியில்லப்பா" என்று பேச்சு வரும். கூர் வந்ததா என்று பார்க்கக் கட்டை விரலை நீட்ட வேண்டாம். கத்தியின் வாயை மேல்நோக்கி வைத்து விளக்குக்கு நேரே பிடியுங்கள். மழுங்கின இடம் வெள்ளைக் கோடாக மின்னும். கூரான இடத்தில் மின்ன ஒன்றும் இருக்காது.

சாய்வு எத்தனை பாகை என்று கேட்பீர்கள். பாகைமானி எல்லாம் தேவையில்லை, சைன் அட்டவணை போதும். கத்தியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் 19.5 பாகை. கால் பங்கு தூக்கினால் 14.5. பாதி தூக்கினால் 30. ஆறு சென்டிமீட்டர் அகல வெட்டரிவாளுக்கு இரண்டு சென்டிமீட்டர் தூக்கல், அடுப்படிக் கத்திக்குக் கால் பங்கு. சரிவில் மார்க்கர் பேனாவால் கறுப்பு தீட்டிவிட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை எங்கே அழிந்ததோ அங்கேதான் கல் படுகிறது. இதைவிட மலிவான அளவுகருவி எங்கள் டூல் ரூமில்கூடக் கிடையாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எங்கே நிறுத்துவது?

மண்வெட்டிக்கும் களைக்கொத்துக்கும் கல்லே வேண்டாம், அரம் போதும். கருக்கரிவாளுக்கு முக்கோண அரம். வெட்டரிவாள் பெரும்பாலும் லாரிப் பட்டையில் அடித்தது. திருப்பாச்சேத்தியில் அடித்தாலும் சரி, நம் ஊர் ஆசாரி அடித்தாலும் சரி, பட்டைதான் பெரும்பாலும் மூலப்பொருள். அதில் அரம் கடித்தால், அரத்தாலேயே வடிவம் கொண்டுவந்து, இரட்டைக் கல்லின் நைஸ் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குமேல் தேய்த்துப் புண்ணியமில்லை, முதல் கிளையிலேயே பளபளப்பு போய்விடும். வெட்டரிவாளுக்கு நம்பரைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. வருஷக்கணக்காக வாயை மட்டுமே தீட்டித் தீட்டி, வாய்க்குப் பின்னால் தோள் தடித்துப்போயிருக்கும். ஆப்பு மாதிரி ஆகிவிடும். கூர் இருக்கும், இறங்காது. வருஷத்துக்கு ஒரு தடவை அந்தத் தோளைக் கரட்டுக் கல்லில் சாய்வாகத் தேய்த்து ஒல்லியாக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை, அலுப்புதான். ஆனால் மலையில் வெட்டுகிறவர் கைக்கு அது தெரியும்.

நீள அரிவாளைக் கல்லில் தேய்க்க முயல வேண்டாம். அரிவாளைக் கட்டையில் அசையாமல் பிடித்துக்கொண்டு கல்லை அதன்மேல் நகர்த்துங்கள். அரிவாள்மனைக்கும் அதே முறை. கவாத்துக் கத்திரி இருக்கிறதே, காப்பிச் செடிக்கு வைத்திருப்பது, அதில் சரிவு உள்ள பக்கம் மட்டும் 1000இல் தீட்ட வேண்டும். தட்டைப் பக்கத்தில் பிசிறு எடுப்பதற்கு மேல் கல் படக்கூடாது. பட்டால் இரண்டு தகடுக்கும் நடுவில் இடைவெளி விழுந்து, குச்சியை வெட்டாமல் மடக்கும்.

வீட்டுக் கத்தி 1000இல் நின்றால் போதும். தக்காளித் தோல், முருங்கைக்காய் நார், வாழைநார் இதெல்லாம் அறுக்க வாயில் நுண்ணிய பல் கொஞ்சம் இருப்பதே நல்லது. 4000 தீட்டின கத்தி தக்காளியில் வழுக்குவதைப் பார்த்து மனைவிமார் சிரித்த கதைகள் இந்த அரங்கில் குறைந்தது மூன்று பேரிடம் இருக்கும்.

அப்படியானால் 4000 யாருக்கு? தச்சருடைய உளிக்கும் இழைப்புளிக்கும். அதைவிட நான் அழுத்திச் சொல்ல நினைப்பது ஒட்டுக்கட்டும் கத்தி. பெரியகுளம் பக்கம் மா நாற்றங்கால்களில் ஒட்டுக் கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தாவரச் செல் ஒன்று பத்திலிருந்து நூறு மைக்ரான் பருமன். 50 மைக்ரான் கல்லோடு நிறுத்தின கத்தியின் வாய், செல்லோடு ஒப்பிட்டால் ரம்பம் மாதிரி. அது செல்லை அறுக்காது, நசுக்கும். நசுங்கின இடம் காய்ந்து கறுக்கும். வேர்ச்செடியும் ஒட்டுக்குச்சியும் உயிரோடு தொட்டுக்கொள்ள வேண்டிய இடத்தில் செத்த தோல் ஒன்று நடுவே நிற்கும். கத்தியை 3 மைக்ரான் கல்லில் தீட்டித் தோலில் வாரி எடுத்தால் ஒரே இழுப்பில் கண்ணாடி மாதிரி வெட்டு விழும். அதனால்தான் அந்தக் கத்தியால் அவர்கள் கயிறுகூட வெட்ட மாட்டார்கள். யாராவது எடுத்துப் பென்சில் சீவினால் சண்டைதான் வரும். நியாயமான சண்டை.

எண்ணெயா தண்ணீரா என்று தனியே பேச அதிகம் இல்லை. ஜப்பான் கல்லுக்குத் தண்ணீர். கார்போரண்டம் கல்லுக்குத் தண்ணீரும் சரி, மெல்லிய மெஷின் எண்ணெயும் சரி, ஒன்றில் ஆரம்பித்தால் அதிலேயே இருங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும் என்பது மார்கழியில் தலைக்கு எண்ணெய் வைக்கிற எல்லோருக்கும் தெரியும். போடிமெட்டுக்கு மேலே வருஷத்தில் பாதி நாள் அந்தக் குளிர்தான். கல்லின் கண்ணெல்லாம் அடைத்துப்போய், கத்தி வழுக்கிக்கொண்டு போகும். கல் நடுவில் குழிந்தால், கண்ணாடித் துண்டின்மேல் கரட்டு எமரித் தாளைத் தண்ணீரில் நனைத்து ஒட்டி, கல்லை அதில் தேய்த்துச் சமப்படுத்துங்கள். குழிந்த கல்லில் நேரான உளி தீட்ட முடியாது.

கிரைண்டரைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேசப் போகிறேன். கையில் பிடிக்கிற நாலு அங்குல கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுற்று சுற்றும். விளிம்பின் வேகம் விநாடிக்கு 57 மீட்டர், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். கத்தி வாய் காகிதக் கனம்தான், சூடு போக இடமில்லை. இரும்பு வைக்கோல் நிறம் காட்டினால் 220, 230 டிகிரி தொட்டாயிற்று. நீலம் காட்டினால் 300ஐ ஒட்டி. அடுப்படிக் கத்தி, உளி, ஒட்டுக்கத்தி இவற்றின் பதமெல்லாம் 200 டிகிரிக்குப் பக்கத்தில் நிறுத்தினது. நீலம் வந்த இடத்தில் பதம் போய்விட்டது. அப்புறம் தண்ணீரில் முக்கினாலும் திரும்பி வராது. லாரிப் பட்டை அரிவாளை ஆசாரி ஒருவேளை இன்னும் அதிகச் சூட்டில் பதம் இறக்கியிருந்தால் அது தப்பிக்கும். ஆனால் எவ்வளவில் இறக்கினார் என்பது அவருக்கும் அந்த நெருப்புக்கும்தான் தெரியும். அதோடு அந்தப் பட்டறைகளில் கண்ணாடி போடாமல், காப்பு கழற்றின கிரைண்டரை ஒற்றைக் கையில் பிடிப்பதைத் தினமும் பார்க்கிறோம். பொறியியல் படித்த நாம் பார்த்துவிட்டுக் கடந்து போகிறோம்.

அதனால் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். இந்த வருஷ நிதியில் நுழைவாயில் வளைவு கட்டலாமா என்று பேச்சு அடிபடுகிறது. கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார். அதில் ஒரு சின்னத் துண்டை ஒதுக்கி, நம் பட்டறையின் ஓரத்தில் ஒரு தீட்டு மேடை போட்டுக்கொடுங்கள். இடுப்பு உயரத்தில் ஒரு மேசை, இரண்டு வைஸ், நாலு இரட்டைக் கல், இரண்டு 1000, ஒரு 4000, தோல் பட்டை, தண்ணீர்க் குழாய். ஏப்ரல் கடைசியில், நிழல் கவாத்து தொடங்குமுன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை சிலமலை, போடி சுற்றுவட்டார ஜனங்களுக்குச் சொல்லி அனுப்புவோம். அரிவாளைக் கொண்டுவரட்டும். மாணவர்கள் தீட்டிக்கொடுக்கட்டும், கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். முதல் வருஷம் ஐம்பது அரிவாள் வந்தால் எனக்குத் திருப்தி.

இதைச் சொன்னதும் மூத்த நண்பர் ஒருவர் நேற்று இரவே கேட்டார்: "தம்பி, சைக்கிள்ல சக்கரம் வச்சுக்கிட்டு சாணை பிடிக்க வர்றாரே, அவரு சோத்துல மண்ணப் போடவா?" நல்ல கேள்வி. அவர் எங்கள் தெருவுக்கு மாதக்கணக்கில் ஒரு தடவை வருகிறார், வயதும் ஆகிவிட்டது. மிதிக்கிற வேகத்தில் சுற்றுகிற அவர் சக்கரம் கிரைண்டர் மாதிரி கத்தியைச் சுடாது, அதுவும் உண்மை. அவரை அந்த இரண்டு நாளும் கூலி கொடுத்து அழைப்போம் என்பது என் பதில். பொக்கை வாய் விழுந்த அரிவாளை எங்கே தொட்டு எப்படி இழுக்க வேண்டும் என்று அவர் கை சொல்வதை நம் கையேடு எதுவும் சொல்லாது. மாணவர்கள் அவரிடம் கரட்டு வேலை கற்கட்டும், அதற்குமேல் உள்ள கல் வரிசையை அவர் நம் மேசையில் பார்க்கட்டும். அவருக்கு வேண்டுமென்றால் ஒரு 1000 கல்லைச் சங்கத்தின் சார்பில் கையில் கொடுத்து அனுப்புவோம். அடுத்த தெருவில் அவர் கூலி கொஞ்சம் கூடலாம்.

நிறையப் பேசிவிட்டேன், செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். 2010 கடைசியில் நின்றுபோன போடி ரயில் 2023 ஜூனில் மறுபடி வந்த பிறகு, இந்த விழாவுக்குச் சென்னையிலிருந்தே நேராக ரயிலில் வந்திறங்கின நண்பர்கள் பலர் இருக்கிறீர்கள். ரயிலில் கத்தி கொண்டுவந்திருக்க மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் பட்டறையிலிருந்து ஆறு பழைய உளிகளை வாங்கி வைத்திருக்கிறேன். பின்வாசல் பக்கம், டீ கொடுக்கிற இடத்துக்கு அடுத்த மேசையில், மூன்று கல்லும் ஒரு மார்க்கர் பேனாவும் இருக்கின்றன. சாணைக்காரர் பதினோரு மணிக்கு வருகிறேன் என்றிருக்கிறார். உள்ளூர்க்காரர்கள் வீட்டிலிருந்து எதுவும் கொண்டுவருவதானால் துணியில் சுற்றி, பிடி முன்னால் இருக்கும்படி கொண்டு வாருங்கள்.